அளவுகோலை அளப்பது எப்படி?

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

மளிகைக் கடையிலுள்ள இரும்பு எடைக்கல்லைத் திருப்பிப் பார்த்தால், அடியில் அரசு முத்திரை குத்தியிருப்பதைக் காணலாம். கடைக்காரரின் கல்லை முத்திரை ஆய்வாளர் தம்மிடமுள்ள கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அந்த முத்திரை விழுகிறது. அவருடைய கல் அதைவிட மேலான ஒரு கல்லோடு ஒப்பிடப்பட்டது. இப்படிப் படிப்படியாக மேலே ஏறிச் சென்றால் கடைசியில் ஒரு கல் இருக்க வேண்டுமல்லவா? அந்தக் கடைசிக் கல் சரியானதுதானா என்று எதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது?

இது விளையாட்டுக் கேள்வி அன்று. 1889 முதல் 2019 வரை உலகின் கடைசி எடைக்கல், பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள செவ்ர் என்னும் இடத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த ஒரு பிளாட்டினம் - இரிடியம் உருளையாகும். நூறாண்டுக் காலத்தில் அதற்கும் அதன் நகல்களுக்கும் இடையே ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் வேறுபாடு தோன்றியது. நகல்கள் கனத்தனவா, மூலம் இளைத்ததா? எவராலும் சொல்ல முடியவில்லை. “ஒரு கிலோகிராம் என்பது இந்த உருளையே” என்று வகுத்துவிட்ட பிறகு, அது குறைந்துவிட்டது என்று சொல்வதற்கே பொருள் இல்லாமற் போய்விட்டது!

மின்சாரத்திலும் இதே வழக்கு உண்டு. அதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

இலக்கங்களால் அளவைக் காட்டும் எந்த வோல்ட்மீட்டரும் உள்ளே ஒரு தராசுதான். ஒரு தட்டில் நாம் அளக்க விரும்பும் மின்னழுத்தம். மறு தட்டில் கருவியின் உள்ளேயே உண்டாக்கப்படும், மாறாதது என்று நம்பப்படும் ஒரு மின்னழுத்தம். அந்த இரண்டாவதை ஆங்கிலத்தில் வோல்டேஜ் ரெஃபரன்ஸ் என்பார்கள். நான் ‘ஆதார மின்னழுத்தம்’ என்கிறேன். கருவி காட்டும் ஒவ்வோர் எண்ணும் அந்த ஆதாரத்தின் மேல் நிற்கிறது. அடித்தளம் அசைந்தால் மாடியிலுள்ளவர்களுக்குத் தெரியாது. எல்லாம் சேர்ந்தே அசையுமல்லவா?

கோவையில் ஒரு தொழிற்சாலையில், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் என் தாய்மாமா பணிபுரிகிறார். தொழிற்கூடத்திலுள்ள அத்தனை மீட்டர்களையும் அவரிடமுள்ள ஒரே ஒரு நல்ல மல்டிமீட்டரோடு ஒப்பிட்டுத்தான் திருத்துவார்கள். அந்த ஒன்று பிசகினால் எல்லாமே ஒரே அளவு பிசகும். எல்லா மீட்டர்களும் ஒரே எண்ணைக் காட்டும். ஒருவருக்கும் ஐயம் வராது. எல்லாம் ஒன்றாகப் பொய் சொல்லும்போதுதான் பொய்யைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம் என்று மாமா சொல்வார். ஆகவே ஆண்டுக்கொரு முறை அந்த மல்டிமீட்டரை அங்கீகாரம் பெற்ற ஓர் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள்.

“யாரும் தொடாம அலமாரியிலேயே பூட்டி வெச்சிருந்தாலும் அனுப்பணுமாங்க மாமா?” என்று கேட்டேன்.

“ஏன் கண்ணு, உன்னைப் பூட்டி வெச்சா நீ வளராம இருப்பியா?” என்றார்.

ஆதார மின்னழுத்தம் இரண்டு வகையாக மாறுகிறது. கடலில் நங்கூரமிட்ட படகை நினைத்துக்கொள்ளுங்கள். அலையில் அது ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஆனால் இருந்த இடத்தை விட்டுப் போகாது. இதைப் போன்றது இரைச்சல். நங்கூரத்தின் பிடி சற்றே தளர்ந்திருந்தால், நாம் பார்க்கும் நேரத்தில் ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் படகு பத்தடி தள்ளி நிற்கும். இதைப் போன்றது நகர்வு. அலை ஆடும்போது படகு நகர்ந்ததா இல்லையா என்று எப்படிச் சொல்வது என்பதே அளப்பவருக்கு வரும் தொல்லை.

இங்கே பேசப்படும் அளவுகள் மிகச் சிறியவை. பத்து லட்சத்தில் ஒரு பங்கைப் பி.பி.எம். என்பார்கள். ஒரு கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர். ஓர் ஆண்டில் ஏறத்தாழ 32 விநாடி. பத்து வோல்ட்டில் ஒரு பி.பி.எம். என்பது 10 மைக்ரோவோல்ட். இவ்வளவு சிறிய மாற்றத்தைப் பற்றிக் கவலைப்படுவது வீண் வேலை என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் மேலே இருப்பவரின் பிழை கீழே ஒவ்வொரு படியிலும் வளருமே தவிரக் குறையாது. ஆகவே உச்சிப் படியில் இருப்பவர் இவ்வளவு கண்டிப்பாக இருந்தால்தான், கடைசிப் படியில் இருக்கும் நமக்குச் சுமாரான அளவாவது கிடைக்கும்.

இனி, ஆதார மின்னழுத்தம் எதிலிருந்து வருகிறது என்று பார்ப்போம். இக்காலத்தில் பெரும்பாலும் ஒரு சிறு சிலிக்கான் சில்லிலிருந்துதான் வருகிறது. ஜீனர் டயோடு என்னும் பொருளில் பின்னோக்கி மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே போனால், ஏழு வோல்ட்டை நெருங்கும்போது அணை உடைந்ததுபோல் மின்னோட்டம் பாயத் தொடங்கும். அதன் பிறகு மின்னழுத்தம் அநேகமாக அங்கேயே நின்றுவிடும். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் இந்த டயோடின் மின்னழுத்தம் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் கூடும். அதனோடு சேர்த்து வைக்கும் டிரான்சிஸ்டர் சந்தியின் மின்னழுத்தமோ அதே அளவு குறையும். கூடுவதும் குறைவதும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடுகின்றன. இன்னும் போதாதென்று அதே சில்லுக்குள் ஒரு குட்டி அடுப்பையும் வைத்து, அறையைவிடச் சூடாக, எப்போதும் ஒரே வெப்பநிலையில் காக்கிறார்கள். 1970-களில் வந்த எல்.எம்.199, எல்.எம்.399, பின்பு 1980-களில் வந்த எல்.டி.இசட்.1000 ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றில் மின்முறிவு சில்லின் மேற்பரப்பில் நிகழாமல் அடியில் புதைந்த இடத்தில் நிகழ்கிறது. மேற்பரப்பில்தான் மாசுகள் அலைகின்றன. புதைத்து வைத்தால் இரைச்சலும் குறைவு, நகர்வும் குறைவு.

இரைச்சலை அளப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. எல்.டி.இசட்.1000 சில்லின் மின்னழுத்தம் 7 வோல்ட்டுக்குச் சற்று மேல். அதன் மீது ஆடும் இரைச்சலோ 1.2 மைக்ரோவோல்ட் அளவே. யானையின் முதுகில் ஊரும் எறும்பை நிறுப்பது போன்ற வேலை இது! யானையை இறக்கிவிட்டு எறும்பை மட்டும் தராசில் விட வேண்டும். இதற்கு ஒரு பெரிய மின்தேக்கி உதவுகிறது. அது மாறாத மின்னழுத்தத்தைத் தடுத்துவிட்டு, அதிர்வை மட்டும் கடத்தும். கடந்து வந்ததைப் பத்தாயிரம் மடங்கு பெருக்கினால் ஒரு மைக்ரோவோல்ட் 10 மில்லிவோல்ட் ஆகி, ஆசிலாஸ்கோப் திரையில் கண்ணுக்குத் தெரியும். பத்து விநாடி நேரம் பார்த்து, மிக உயர்ந்த புள்ளிக்கும் மிகத் தாழ்ந்த புள்ளிக்கும் உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்வது வழக்கம். விநாடிக்குப் பத்து முறைக்கு மேல் துடிப்பவற்றை வடிகட்டிவிடுவார்கள்.

ஆனால் பெருக்கியும் சும்மா இருக்காதே! அதற்கும் தனக்கென்று ஓர் இரைச்சல் உண்டு. மின்னோட்டமே இல்லாத ஒரு சாதாரண மின்தடையில்கூட, வெப்பத்தால் எலக்ட்ரான்கள் அங்குமிங்கும் அலைவதால் இரைச்சல் உண்டாகிறது. 1920-களில் ஜான்சன் என்பவர் இதை அளந்தார். நைக்விஸ்ட் என்பவர் காரணத்தை விளக்கினார். ஆகவே முதலில் பெருக்கியின் வாயை மூடி (அதாவது உள்ளீட்டு முனைகள் இரண்டையும் இணைத்து) அதன் சொந்த இரைச்சலை அளந்துகொள்ள வேண்டும். பிறகு அதைக் கழிக்க வேண்டும். எப்படிக் கழிப்பது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு இரைச்சல்கள் சேரும்போது 3-ம் 4-ம் சேர்ந்து 7 ஆவதில்லை, 5 ஆகிறது! ஒன்று ஏறும்போது மற்றது இறங்கியும் இருக்கலாம் அல்லவா? அதனால் அவற்றின் வர்க்கங்களே கூடுகின்றன. செங்கோண முக்கோணத்துக்காகப் படித்த பிதாகரஸ் தேற்றம் இங்கே வந்து நிற்பதைக் கண்டு நான் வியந்துபோனேன்.

இரைச்சல் எல்லாம் ஒரே சாதியும் அல்ல. சில சில்லுகளில் அமைதியாக இருக்கும் மின்னழுத்தம் திடீரென்று ஒரு படி தாவும். சில விநாடி கழித்துப் பழைய இடத்துக்கே தாவி வரும். சோளம் பொரிவது போலிருப்பதால் இதற்குப் பாப்கார்ன் இரைச்சல் என்றே பெயர். இந்தக் குணமுள்ள சில்லுகளைப் பொறுக்கி ஒதுக்குவதைத் தவிர வேறு மருந்தில்லை. அதற்குப் பத்து விநாடி பார்த்தால் போதாது. பொறுமையாக நெடுநேரம் உட்கார வேண்டும்.

வெளியிலிருந்து வரும் தொல்லையும் உண்டு. இரு வேறு உலோகங்கள் சேரும் இடங்களில் வெப்பநிலை வேறுபட்டால் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1821-இல் சீபெக் கண்டார். செம்போடு செம்பு சுத்தமாகச் சேர்ந்தால் ஒரு டிகிரிக்கு அரை மைக்ரோவோல்ட்கூட வராது. அதே செம்பு முனை காற்றுப்பட்டுக் களிம்பேறி இருந்தாலோ, டிகிரிக்கு ஆயிரம் மைக்ரோவோல்ட் வரையில் போகக்கூடும்! மாமா எனக்கு இதைக் காட்டினார். மீட்டரின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்தார். திரையில் ஏறத்தாழச் சுழி. ஓர் இணைப்பை மட்டும் என்னை விரலால் தொடச் சொன்னார். மைக்ரோவோல்ட் இலக்கம் மளமளவென்று ஏறியது. கையை எடுத்த பிறகும் அது இறங்கச் சில நிமிடம் ஆயிற்று. ஆகவேதான் இந்தச் சோதனைகளைத் தகர பிஸ்கட் டப்பாவுக்குள் பஞ்சு அடைத்து, மூடி போட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்கிறார்கள். கோவைக்குப் பரவாயில்லை, சென்னையில் மே மாதத்தில் மின்விசிறி இல்லாமல் இரைச்சல் அளப்பவர்களை எண்ணிப் பரிதாபப்பட்டேன்.

நகர்வை அளப்பது வேறு விதம். இங்கே வேகம் உதவாது. ஆயிரம் மணி நேரம், அதாவது ஏறத்தாழ 6 வாரம், அணைக்காமல் ஓட விட்டுப் பார்ப்பதே ஆரம்பப் பாடம். புதிய சில்லு முதலில் விரைவாக நகரும். நாளாக நாளாக அடங்கும். நல்ல சில்லுகளில் நேரம் நான்கு மடங்கானால் நகர்வு இரண்டு மடங்கே ஆகும் என்று கணக்கிடுகிறார்கள். அதனால்தான் இத்துறையில் மட்டும் புதியதைவிடப் பழையதற்கு மதிப்பு அதிகம்.

பத்து வோல்ட் தரும் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன என்று கொள்வோம். ஒவ்வொன்றையும் மீட்டரால் தனித்தனியாக அளந்தால், மீட்டரின் சொந்த நகர்வும் கணக்கில் கலந்துவிடும். வகுப்பில் இருவரில் யார் உயரம் என்று அறிய நாம் டேப்பைத் தேடி ஓடுகிறோமா? முதுகோடு முதுகு ஒட்டி நிற்க வைக்கிறோம்! இங்கும் அப்படியே. இரண்டு பெட்டிகளின் எதிர்முனைகளையும் ஒன்றாக இணைத்துவிட்டு, நேர்முனைகள் இரண்டுக்கும் இடையே மீட்டரை வைத்தால் வேறுபாடு மட்டுமே தெரியும். வேறுபாடு 30 மைக்ரோவோல்ட் என்றால், மீட்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழையானதாக இருந்தாலும் கேடு 0.03 மைக்ரோவோல்ட்தான். மீட்டரை நம்பாமலே மீட்டரைக் கொண்டு அளக்கும் இந்த உபாயம் மிக அழகானது.

ஆனால் வேறுபாடு மாறினால் குற்றவாளி யார்? இரண்டு பெட்டிகள் மட்டும் இருந்தால் சொல்ல முடியாது. மூன்றாவதாக ஒன்றைக் கொண்டு வர வேண்டும். அ, ஆ, இ என்னும் மூன்றையும் இரண்டிரண்டாக ஒப்பிட்டு, இரைச்சல்களின் வர்க்கங்கள் அ - ஆ 13, ஆ - இ 25, இ - அ 20 என்று வந்தன என்க. மூன்று சமன்பாடு, மூன்று மாறி! 13-ஐயும் 20-ஐயும் கூட்டி 25-ஐக் கழித்தால் 8. அதில் பாதி 4. எனவே அ-வின் இரைச்சல் 2 மைக்ரோவோல்ட். ஆ 3, இ 4 என்று நீங்களே கண்டுகொள்ளலாம். எந்தப் பெட்டியையும் தனியே அளக்காமலே மூன்றின் குணமும் வெளிப்பட்டுவிட்டது.

நிறைய முறை அளந்து சராசரி எடுத்தால் இரைச்சல் தேய்ந்துவிடாதா என்று கேட்கலாம். தேயும். 100 அளவீடுகளின் சராசரியில் ஆட்டம் பத்தில் ஒன்றாகக் குறையும். அப்படியானால் பத்தாயிரம், பத்து லட்சம் என்று எடுத்துக்கொண்டே போகலாமே? அங்கேதான் நகர்வு காத்திருக்கிறது. அத்தனை அளவீடுகளை எடுத்து முடிப்பதற்குள் ஆதாரமே இடம் மாறியிருக்கும். கடிகாரங்களை ஆராய்ந்த டேவிட் ஆலன் 1966-இல் இதற்கொரு வழி கண்டார். எவ்வளவு நேரத்துக்குச் சராசரி எடுத்தால் எவ்வளவு ஆட்டம் மிஞ்சுகிறது என்று வரைபடம் வரைந்தால், கோடு முதலில் இறங்கும், பிறகு சமவெளியாகும், அப்புறம் ஏறத் தொடங்கும். அந்தப் பள்ளத்தாக்கின் அடிதான் நாம் காத்திருக்க வேண்டிய நேரம். அதற்கு மேல் பொறுமை காட்டினால் நட்டமே.

மாமா மூன்று பெட்டிகள் செய்து வைத்திருக்கிறார். இரண்டில் உலோக மூடியிட்ட சில்லு. ஒன்றில் பிளாஸ்டிக் உடம்புள்ள மலிவான சில்லு. அவருடைய நோட்டில் வேறுபாடுகளுக்கு மூன்று பத்தி, வெப்பநிலைக்கு ஒரு பத்தி, காற்றின் ஈரப்பதத்துக்கு ஒரு பத்தி. ஐப்பசி, கார்த்திகையில் பிளாஸ்டிக் பெட்டியின் கோடு மட்டும் மெல்ல ஏறுகிறது, தையில் இறங்குகிறது. பிளாஸ்டிக் ஈரத்தைக் குடித்து உப்பி, உள்ளேயிருக்கும் சில்லை அழுத்துகிறது. இது நகர்வு அன்று, பருவம். ஆறு மாதம் மட்டும் அளந்தவர் இதை நகர்வு என்றே எழுதிவிடுவார்.

மூன்றும் ஒரே திசையில் ஒரே அளவு நகர்ந்தால்? வேறுபாடுகள் மாறா. எந்தக் கணக்காலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. இந்தத் தொல்லை மாமாவுக்கு மட்டும் வந்ததன்று. உலக நாடுகளுக்கே வந்தது. 1893-இல் எட்வர்ட் வெஸ்டன் என்பவர் பாதரசமும் காட்மியமும் கொண்டு ஒரு மின்கலம் அமைத்தார். அது 1.018 வோல்ட் அளவில் அசையாமல் நின்றதால், 1911-இல் உலகப் பொது அளவாக ஏற்கப்பட்டது. நாடுகள் பல கலங்களை எண்ணெய்த் தொட்டியில் வைத்து, அவற்றின் சராசரியே தம் வோல்ட் என்று காத்தன. ஆனால் கலங்கள் மூப்படைந்தன. ஒப்பிடுவதற்காகப் பயணம் கொண்டு போனால் குலுங்கிய கலம் தெளியப் பல நாள் பிடிக்கும்.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1962-இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராயிருந்த 22 வயது பிரையன் ஜோசப்சன், மீகடத்திகள் இரண்டின் நடுவே மெல்லிய தடுப்பு இருந்தால் என்ன நிகழும் என்று காகிதத்தில் கணக்கிட்டார். அச்சந்தியில் நுண்ணலையைப் பாய்ச்சினால் மின்னழுத்தம் படிக்கட்டுப் போல உண்டாகும். ஒரு படியின் உயரத்தை நுண்ணலையின் அதிர்வெண்ணும் இயற்கையின் மாறிலிகளும் மட்டுமே தீர்மானிக்கின்றன. சில்லின் வயதோ மழைக்காலமோ அல்ல! 1973-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 70 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு படி 145 மைக்ரோவோல்ட்தான். ஆகையால் பல்லாயிரம் சந்திகளைத் தொடராக்கி, திரவ ஹீலியத்தில் சுழிக்குக் கீழே 269 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்துப் பத்து வோல்ட் பெறுகிறார்கள்.

அப்போதும் அந்த மாறிலிக்கு நாடுகள் வெவ்வேறு எண்களைக் கையாண்டன. 1990 ஜனவரி முதல் நாள் எல்லோரும் ஒரே எண்ணுக்கு வந்தபோது அமெரிக்காவின் வோல்ட் 9.264 பி.பி.எம். மாறியது, வேறு பல நாடுகளின் வோல்ட் 8 பி.பி.எம். அளவு மாறியது. அன்று ஒரு நாளில் எத்தனை கருவிகளைத் திருத்த நேர்ந்திருக்கும்! 2019 மே 20-இல் மாறிலிகளே திட்டமாக வகுக்கப்பட்டபோது மீண்டும் ஒரு மாற்றம் வந்தது. அது பத்து வோல்ட்டுக்கு ஒரு மைக்ரோவோல்ட் அளவே. மாமாவின் கருவிக்கு அது தெரியவே தெரியாது.

நம் நாட்டில் இந்த உச்சிப் படி புதுடெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. மாமாவின் மீட்டர் போய்வரும் ஆய்வகத்தின் அளவு அங்கிருந்துதான் இறங்கி வருகிறது.

சென்ற முறை மீட்டரை அனுப்புவதற்கு முதல் நாள் அதைக் கொண்டு உலோக மூடிப் பெட்டிகள் இரண்டையும் அளந்து, ஓராண்டில் மீட்டர் 6 பி.பி.எம். ஏறியிருக்கிறது என்று மாமா நோட்டில் எழுதி வைத்தார். சான்றிதழ் வந்தது, 7 என்றிருந்தது. மிச்சமுள்ள ஒன்று பெட்டிகள் இரண்டும் சேர்ந்து நகர்ந்ததா, லாரிப் பயணத்தின் குலுக்கலா, வெறும் இரைச்சலா? அதை எழுத வேண்டிய கட்டத்தை அவர் இன்னும் காலியாகவே விட்டு வைத்திருக்கிறார்.